உங்கள் பூஜையறை லட்சுமியும் ரவி வர்மாவின் கடனும்: ஓலியோகிராஃப் என்றால் என்ன?

ஆன்லைனில் ‘ஒரிஜினல் ரவி வர்மா’ என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒரு கடைக்காரர் ஓலியோகிராஃப் என்று போட்டிருப்பார். அடுத்தவர் லித்தோகிராஃப் என்பார். மூன்றாமவர் கேன்வாஸ் பிரிண்ட் என்பார். படம் என்னவோ ஒன்றுதான். தாமரை மேல் நிற்கும் அதே லட்சுமி, வீணையோடு உட்கார்ந்திருக்கும் அதே சரஸ்வதி. விலை மட்டும் சில நூறில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டிப் போகும்.

2023-ல் ரவி வர்மா வரைந்த யசோதை–கிருஷ்ணர் ஓவியம் ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. அது அவர் கையால் தூரிகை பிடித்து வரைந்தது. உங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் தொங்குகிறதே, அதுவும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதில் அவர் கை படவே இல்லை என்று நான் சொன்னால்?

அந்தத் தாளை உருவாக்கியது ஒரு அச்சகம். அதைத் தொடங்கியவர் ரவி வர்மா. அவர் பெயரை இந்தியாவின் வீடுகளுக்குள் கொண்டுபோனதும், அவரைக் கடனில் தள்ளியதும் அதே அச்சகம்தான். அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள நான்கைந்து அச்சுக்கலைச் சொற்கள் தெரிந்திருந்தால் போதும். அந்தச் சொற்கள் தெரிந்தால் நீங்கள் ஒரு படம் வாங்கும்போது ஏமாறாமலும் இருக்கலாம்.

ஒளித்து வைக்கப்பட்ட வித்தை

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், கிளிமானூர் அரண்மனையில் 1848 ஏப்ரல் 29 அன்று பிறந்தார் ரவி வர்மா. சின்ன வயதில் சுவரில் கரியால் கிறுக்குவார், அதைப் பார்த்த மாமா ராஜராஜ வர்மா திட்டாமல் பாடம் சொல்லிக்கொடுத்தார் என்பது குடும்பத்தில் சொல்லப்படும் கதை. மாமா தஞ்சாவூர் பாணியில் வரையத் தெரிந்தவர். 14 வயதில் மருமகனைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் விட்டார்.

அங்கேதான் முதல் முட்டுக்கட்டை. எண்ணெய் வண்ணம், அதாவது ஆயில் பெயின்ட், அந்தக் காலத்தில் இங்கே ரொம்பப் புதுசு. அரண்மனையில் அது தெரிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயுடு. அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் ராத்திரியில் வந்து கற்றுக்கொடுத்ததாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868-ல் அரண்மனைக்கு வந்த தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் பாடம் எடுக்கவில்லை. தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே கற்றுக்கொண்டார் இவர்.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தொழில் ரகசியம் என்று கதவைச் சாத்தும் உலகத்தில்தான் அவர் வளர்ந்தார்.

அதன் பிறகு வேகம்தான். 1870-ல் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தின் உருவப்படத்தைக் காசு வாங்கி வரைந்தார். அரச குடும்பத்தோடு சம்பந்தம் உள்ள ஒருவர் கூலிக்கு வரைவது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. 1873-ல் தலையில் பூ வைத்துக்கொள்ளும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்கு மெட்ராஸ் கண்காட்சியில் கவர்னரின் தங்கப்பதக்கம். அதே வருடம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு. இருபது வருடம் கழித்து, 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவருடைய 10 ஓவியங்கள் போயின. பதக்கங்களோடு திரும்பின.

ஒரு கும்பகோணத்துக்காரரின் யோசனை

அச்சகம் யோசனை ரவி வர்மாவுக்குத் தானாகத் தோன்றியதல்ல. விதை போட்டவர் சர் டி. மாதவ ராவ். கும்பகோணத்தில் பிறந்த தஞ்சாவூர் மராத்தியர். திருவிதாங்கூர், இந்தூர், பரோடா என்று மூன்று சமஸ்தானங்களில் திவானாக இருந்தவர். நிர்வாகி என்பதால் கணக்கு அவருக்குத் தெரிந்தது. ரவி வர்மாவிடம் படம் கேட்டு வரும் ஆட்கள் ஏராளம், வரைவது இரண்டு கைகள். 1884-ல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நல்ல ஓவியங்கள் சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி, ஓலியோகிராஃப் ஆக அச்சடித்து வரவழைக்கலாமே என்பதுதான் அதன் சாரம். ரவி வர்மா உடனே கிளம்பிவிடவில்லை. பத்து வருடம் ஆனது.

இடையில் நடந்த ஒரு விஷயம் அவர் மனதை மாற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பரோடாவின் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், லட்சுமி விலாஸ் அரண்மனைக்காகப் புராணக் காட்சிகள் 14-ஐ வரையச் சொன்னார். தம்பி ராஜராஜ வர்மாவோடு (மாமாவுக்கும் தம்பிக்கும் ஒரே பெயர், குழம்ப வேண்டாம்) வட இந்தியா முழுக்கச் சுற்றினார். யார் எப்படிப் புடவை கட்டுகிறார்கள், என்ன நகை போடுகிறார்கள் என்று பார்த்தார். 1890-ல் படங்கள் தயார். அரண்மனைக்குள் மாட்டும் முன் அவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள்.

அப்புறம் அந்த 14 படங்களும் அரண்மனைக்குள் போய்விட்டன. வந்து பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சுவரை மறுபடி பார்க்கப்போவதில்லை. அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றும் இல்லை. இந்த இடைவெளியில்தான் அச்சகம் வந்தது.

இந்தியாவில் சாமி படம் அச்சடித்த முதல் ஆள் ரவி வர்மா என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது தப்பு. கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவும் புணேவின் சித்ரசாலா பிரஸும் 1878 வாக்கிலேயே தொடங்கிவிட்டன. ஜெர்மனியில் அச்சான சாமி படங்களும் சந்தையில் இருந்தன. ரவி வர்மா கொண்டுவந்தது வேறு ஒன்று: ஆயில் பெயின்டிங் மாதிரியே தெரியும் அச்சு.

சரி, கல்லில் எப்படிப் படம் அச்சடிப்பது?

முதலில் ஒரு சின்ன வரைபடம். அச்சுக்கலையில் எத்தனையோ பெயர்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் பிரித்துவிடலாம்: மை எங்கே நிற்கிறது?

மேட்டில் நின்றால் அது ரிலீஃப். நம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. மரத்தைச் செதுக்கினால் வுட்கட், லினோலியத்தைச் செதுக்கினால் லினோகட். பள்ளத்தில் நின்றால் இன்டாக்லியோ. செப்புத் தகட்டை உளியால் கீறினால் என்கிரேவிங், அமிலத்தால் அரித்தால் எட்சிங். மை ஒரு திரையின் வழியாக இறங்கினால் ஸ்க்ரீன் பிரிண்டிங், உங்கள் டி-ஷர்ட்டில் இருப்பது. நான்காவது வகைதான் விசித்திரமானது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மழமழவென்ற தட்டையான பரப்பில் மை நிற்கும். அதுதான் லித்தோகிராஃபி. கிரேக்கத்தில் லித்தோஸ் என்றால் கல்.

1790-களின் கடைசியில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தார். அவர் ஓவியர் இல்லை, நாடகம் எழுதுபவர். தன் நாடகங்களைச் சல்லிசாக அச்சடிக்க வழி தேடியவர். அவர் பயன்படுத்திய தத்துவம் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது.

செய்முறை இப்படி. சோல்ன்ஹோஃபன் என்ற ஊரில் கிடைக்கும் நுண்மையான சுண்ணாம்புக்கல்லை மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். அதன் மேல் கொழுப்பு கலந்த கிரேயானாலோ மையாலோ படத்தை வரைவார்கள். அரபிக் கோந்தில் துளி நைட்ரிக் அமிலம் கலந்து மேலே பூசுவார்கள். வரைந்த இடம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கல்லை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, எண்ணெய் மை தடவிய உருளையை ஓட்டினால், மை வரைந்த இடத்தில் மட்டும் ஏறும். மற்ற இடத்தில் தண்ணீர் அதைத் தள்ளிவிடும். தாளை வைத்து அழுத்தினால் படம் ரெடி. இடம் வலமாக, கண்ணாடி பிம்பம் போல. அதனால் கல்லில் முன்கூட்டியே திருப்பி வரைய வேண்டும். பெரிய கல் ஒன்று நூறு கிலோவைத் தாண்டும்.

இது ஒரு நிறம். பல நிறம் வேண்டுமென்றால் குரோமோலித்தோகிராஃபி. 1837-ல் பிரான்சில் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். அவ்வளவுதான் விதி. ஆனால் அந்த ஒரு விதியில்தான் எல்லாக் கஷ்டமும் இருக்கிறது.

லட்சுமியின் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, அதன் நிழல், ஜரிகையின் மஞ்சள், மடிப்பின் பழுப்பு. முகத்துக்கு ஒரு வெளிர் நிறம், கன்னத்துக்கு இன்னொன்று. ஓர் ஓவியத்தை இப்படிப் பிரித்துப் பார்த்து, எந்த நிறம் எந்தக் கல்லில் எவ்வளவு என்று முடிவு செய்ய ஒரு தனி நிபுணர் வேண்டும். அவருக்குக் குரோமிஸ்ட் என்று பெயர். கம்ப்யூட்டர் இல்லை, கேமரா பில்டர் இல்லை, எல்லாம் கண்தான். பிரித்த பிறகு, ஒவ்வொரு கல்லிலும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கையால் வைக்க வேண்டும். புள்ளி நெருக்கமாக இருந்தால் நிறம் அடர்த்தி, தள்ளித் தள்ளி இருந்தால் வெளிர்.

அப்புறம் ரிஜிஸ்டர். இது அச்சகங்களில் இன்றைக்கும் புழங்கும் சொல். ஒவ்வொரு முறையும் தாள் அதே இடத்தில், மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் நிற்கும். தாளோ ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். பம்பாய் மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது அந்த அச்சகத்தின் கணக்கு அல்ல, புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். ஒரு படத்துக்கு 12 கற்கள் என்று வையுங்கள். 1,000 தாள் அச்சடிக்க 12,000 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வெறும் 2 சதவீதம் தாள்தான் வீணாகிறது என்றால்கூட, பன்னிரண்டாவது கல் முடியும்போது கையில் நிற்பது சுமார் 785 நல்ல பிரதிகள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் குப்பைக்கு. அதுவும் கடைசிச் சுற்றில் கெட்ட தாள் என்றால், அதில் போட்ட பதினொரு சுற்று மையும் கூலியும் சேர்ந்து போகும்.

இதெல்லாம் முடிந்ததும்தான் ஓலியோகிராஃப் என்ற சொல் வருகிறது. குரோமோலித்தோ தாளின் மேல் வார்னிஷ் பூசி, சில நேரம் கேன்வாஸ் துணியின் நெசவு போலச் சொரசொரப்பை அழுத்தி, ஆயில் பெயின்டிங் என்றே கண்ணை நம்பவைப்பது. ஓலியம் என்றால் லத்தீனில் எண்ணெய். ஆக, எல்லா ஓலியோகிராஃபும் லித்தோதான். எல்லா லித்தோவும் ஓலியோகிராஃப் இல்லை. கடைக்காரர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வது இங்கேதான்.

பிளேக் வந்த ஊரில் ஒரு அச்சகம்

1894-ல் பம்பாய் கிர்காவ் பகுதியில் ரவி வர்மா ஃபைன் ஆர்ட் லித்தோகிராஃபிக் பிரஸ் தொடங்கியது. இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன, அவற்றை ஓட்டத் தெரிந்த ஆட்களும் அங்கிருந்தே. முதலில் அச்சான படம் சகுந்தலையின் பிறப்பு. அப்புறம் லட்சுமி, சரஸ்வதி. தினசரி நிர்வாகம் தம்பி ராஜராஜ வர்மாவின் தலையில். அவரும் நல்ல ஓவியர், அண்ணனின் பல படங்களில் கூட வேலை பார்த்தவர். அவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருப்பதால்தான் இந்தச் சகோதரர்களின் கடைசி வருடங்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது.

ரவி வர்மாவின் வேலை எங்கே முடிகிறது என்பதை இங்கே கவனியுங்கள். அவர் ஆயில் பெயின்டிங் கொடுப்பார். அதைப் பார்த்துக் கல்லில் ஏற்றியது, நிறம் பிரித்தது, புள்ளி வைத்தது, அழுத்தியது எல்லாம் வேறு கைகள். தாளின் கீழே ரவி வர்மா பெயர் இருக்கும். குரோமிஸ்ட் பெயர் இருக்காது.

படங்கள் பிடித்துப்போயின, பிசினஸ் நிற்கவில்லை. ஸ்டார்ட்-அப்பில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இது தெரிந்த கதை. இயந்திரம், கல், மை, தாள், வெளிநாட்டு டெக்னீஷியன் சம்பளம் எல்லாம் முன்பணம். விற்ற காசு சில்லறையாக, தாமதமாக வரும். முதலாளியோ வருடத்தில் பாதி நாள் ஏதாவதொரு சமஸ்தானத்தில் உருவப்படம் வரைந்துகொண்டிருப்பார். போதாக்குறைக்கு 1896-ல் பம்பாயில் பிளேக். ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். அச்சகம் நகரத்தை விட்டு வெளியேறி, 1899-ல் லோனாவாலா பக்கத்தில் மலவ்லி என்ற ஊருக்குப் போனது. அதற்குள் கடன் கழுத்தை நெரித்தது.

1901-ல் விற்றுவிட்டார். வாங்கியவர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர், அந்த அச்சகத்தின் ஜெர்மன் டெக்னீஷியன். கட்டடமும் இயந்திரமும் மட்டும் கைமாறவில்லை. ரவி வர்மாவின் படங்களை அச்சடிக்கும் உரிமையும் கூடவே போனது. அவர் வரைந்த லட்சுமியை இனி எத்தனை பிரதி போடுவது, எந்தத் தாளில் போடுவது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை.

கொடுமை என்னவென்றால், விற்ற பிறகு அச்சகம் நன்றாக ஓடியது. ஷ்லைஷருக்குக் கல்லும் தெரியும், கணக்கும் தெரியும். சாமி படத்தோடு நிறுத்தாமல் விளம்பரங்கள், லேபிள்கள் என்று ஆர்டர் பிடித்தார். எம்.வி. துரந்தர் போன்ற மற்ற ஓவியர்களின் படங்களும் அங்கே அச்சாயின. ஆனால் பெயர் மட்டும் ரவி வர்மா பிரஸ் என்றே இருந்தது. அந்தப் பெயருக்குத்தானே மதிப்பு! இதனால்தான் இன்றைக்கும் அந்த அச்சகத்தில் வந்த எல்லாப் படத்தையும் ரவி வர்மா வரைந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

அச்சகத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞரைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் நகர முடியாது. லித்தோவும் ஓலியோகிராஃபும் அங்கே பழகிய அவர், பிறகு சொந்தமாக அச்சகம் வைத்தார், அப்புறம் அதையும் விட்டுவிட்டு 1913-ல் ராஜா ஹரிச்சந்திராவைத் திரையில் ஓடவிட்டார். தாதாசாகேப் பால்கேதான்.

1905-ல் தம்பி இறந்தார். அண்ணன் அதற்கப்புறம் ரொம்ப நாள் இல்லை. சர்க்கரை நோய் வாட்டியது. 1906 அக்டோபர் 2 அன்று ரவி வர்மா கிளிமானூரில் காலமானார். வயது 58.

அப்போ அது ஒரிஜினல் இல்லையா?

இந்தக் கேள்விக்கு ஓவியர்கள் ஒரு பதிலும் சந்தை ஒரு பதிலும் சொல்கின்றன.

ஓவியர்கள் அகராதியில் ‘ஒரிஜினல் பிரிண்ட்’ என்றால், வேறு எந்த ஓவியத்தின் நகலும் இல்லை. அச்சாகவே பிறந்த படம். கலைஞர் தானே மரத்தைச் செதுக்குவார், தகட்டை அரிப்பார், கல்லில் வரைவார். வங்கப் பஞ்சத்தைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்த சித்தபிரசாத் பின்னாளில் லினோலியத்தைத் தானே வெட்டினார். ஒரு காயம் போலத் தாளிலேயே குழியும் கிழிசலும் தெரியும்படி 1970-களில் காகிதக் கூழை வார்த்தார் சோம்நாத் ஹோர். சித்தூர் மாவட்டத்தில் பிறந்து பாரிஸ் போன கிருஷ்ணா ரெட்டி, மைகளின் கெட்டித்தன்மையை மாற்றி ஒரே தகட்டில் பல நிறங்களை ஏற்றும் விஸ்காசிட்டி முறையை வளர்த்தவர்களில் ஒருவர். ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று பம்பாயில் திணறிய அந்தக் குரோமிஸ்டுகள் இதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. இப்படிப்பட்ட பிரிண்டுகளின் கீழே பென்சிலில் 5/25 என்று எழுதியிருக்கும். மொத்தம் 25 போட்டார்கள், இது ஐந்தாவது என்று அர்த்தம். அந்த மொத்தத்துக்குப் பெயர் எடிஷன்.

ரவி வர்மா ஓலியோகிராஃபில் அந்த எண் இருக்காது. அது ஓர் ஓவியத்தின் மறுபதிப்பு, ஆர்ட்டிஸ்டுகள் மொழியில் ரீப்ரொடக்ஷன். ‘அப்போ வெறும் நகலா’ என்று தள்ளிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கையால் வைத்த ஒரு பொருளை, ஸ்கேன் செய்து எடுத்த பிரின்ட்-அவுட்டோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. 1894-ல் கல்லிலிருந்து இறங்கிய தாள் ஒரு பழம்பொருள். அதை ‘ஒரிஜினல் ஓலியோகிராஃப்’ என்று சொன்னால் சரி. ‘ஒரிஜினல் ரவி வர்மா’ என்று சொன்னால் தப்பு. இரண்டு சொல்தான் வித்தியாசம், உங்கள் பர்ஸுக்கு அது பெரிய வித்தியாசம்.

சட்டமும் ஓவியங்களைத் தனியாகத்தான் பார்க்கிறது. 1979-ல் மத்திய அரசு ரவி வர்மாவின் படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. நாட்டை விட்டு வெளியே கொண்டுபோய் விற்க முடியாது. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மொத்தம் 9 பேர். உள்நாட்டில் கிடைப்பது குறைவு, வெளியே போகவும் வழியில்லை, கேட்கும் ஆள் மட்டும் அதிகம். கோடிகளில் விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திட்டியவர்களும் வாங்கியவர்களும்

அவர் இருந்தபோதே, இறந்த பிறகும், கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. ஈ.பி. ஹேவல், ஆனந்த குமாரசுவாமி, சகோதரி நிவேதிதா மூவரும் அவருடைய கலை ஐரோப்பிய நாடக மேடையைப் போல இருக்கிறது, இந்திய மரபின் ஆழம் இல்லை என்ற கருத்தில் இருந்தார்கள். பிறகு ‘காலண்டர் ஆர்ட்’ என்ற வசையும் சேர்ந்துகொண்டது. இதில் பாதி நியாயம் உண்டு. அவர் தேவிகள் நிற்கும் விதத்தில் மேடைத்தனம் இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் காலண்டர் என்று திட்டியவர்கள் பல நேரம் பார்த்தது, அவர் விற்றுவிட்ட பிறகு, வேறு யாரோ முடிவு செய்த மையில், மலிவான தாளில் வந்த பிரதிகளை. ஓவியத்தையும் அச்சையும் பிரிக்காமல் ஒரே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

வாங்கியவர்கள் பக்கம் வேறு கதை. திருவிதாங்கூரில் எல்லாச் சாதியினரும் கோயிலுக்குள் போகலாம் என்ற பிரகடனம் வந்தது 1936-ல்தான், ரவி வர்மா இறந்து 30 வருடம் கழித்து. அதுவரை கோயில் வாசலைத் தாண்ட முடியாத ஒருவர், காசு கொடுத்துத் தேவியின் முகத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. இதை வைத்து ரவி வர்மாவைச் சமூகப் புரட்சியாளராகக் காட்டும் பதிவுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். அவர் தொடங்கியது ஒரு வியாபாரம், அந்த வியாபாரத்தின் முதல் வாடிக்கையாளர்கள் நடுத்தர வர்க்கம். இருந்தாலும் வாங்கியவர்கள் அந்தத் தாளை அச்சுத் தாளாக நடத்தவில்லை. படத்தின் புடவை மேல் நிஜத் துணியை ஒட்டினார்கள், ஜரிகையும் சம்கியும் மணியும் வைத்துத் தைத்தார்கள். அப்படி அலங்கரித்த ஓலியோகிராஃபுகள் இன்றும் பழம்பொருள் சந்தைக்கு வருகின்றன.

1972-ல் மலவ்லி அச்சகத்தில் தீப்பிடித்தது. கட்டடமும், உள்ளே இருந்த பழைய பிரதிகளில் பெரும்பகுதியும் போயின. ஆகவே பழைய தாள்கள் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் வீடுகளில்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். எப்படிப் பார்ப்பது? முதலில் ஒரு லென்ஸ் எடுத்து முகத்தின் மேல் வையுங்கள். நான்கே நிறத்தில், வரிசை பிசகாத கட்டம் போலப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட், பின்னாளில் வந்தது. சிவகாசி காலண்டரிலும் இதே புள்ளிகள்தான். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், பெரிதும் சிறிதுமாக, பல நிறங்களில் சிதறிக் கிடந்தால் அது கல்லில் கையால் வைத்தது. அடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மஞ்சளான வார்னிஷும் அதில் மெல்லிய வெடிப்பும், துணி நெசவு போன்ற அழுத்தமும் தெரிந்தால் ஓலியோகிராஃப். பிறகு கீழ் ஓரம். அச்சகத்தின் பெயரும் ஊரும் சின்ன எழுத்தில் இருக்கும். பம்பாய் என்று இருந்தால் அது பொதுவாக 1899-க்கு முந்தையது, ரவி வர்மா முதலாளியாக இருந்த காலம். கார்லா, லோனாவாலா, மலவ்லி என்று இருந்தால் அதற்குப் பிந்தையது, பெரும்பாலும் ஷ்லைஷர் காலத்தில் அச்சானது.

சட்டம் போட்டவர் இடம் போதவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டி எறிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பழைய படங்களில் இது சகஜம். வாங்குவதற்கு முன் ஃப்ரேமைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்று சொன்னால், விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.